பகை அறியாப் பசி

போர் ஓய்ந்தால் பசியும் ஓய்ந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. முதல் உலகப் போர் 1918 நவம்பரில் நின்றது. ஆனால் நேச நாடுகளின் கடல் முற்றுகை உடனே நீங்கவில்லை. ஜெர்மனியைப் பொறுத்தவரை 1919 ஜூலை வரை நீடித்தது. தோற்ற நாடுகளில் குழந்தைகள் உணவின்றி வாடினர்.

அந்நாளில் எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, பசியால் மெலிந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம் தாங்கிய துண்டறிக்கைகளை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கையாளரின் இசைவு பெறாத குற்றத்துக்காக நீதிமன்றம் அவருக்கு 5 பவுன் அபராதம் விதித்தது. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே அத்தொகையைத் தர முன்வந்தார்!

1919 மே மாதத்தில் ஜெப்பும் அவர் தங்கை டாரத்தி பக்ஸ்டனும் 'குழந்தைகள் காப்பு நிதி'யைத் தொடங்கினர். பகைவரின் பிள்ளைகளுக்கு உதவுவதா என்று சிலர் சினந்தனர். அவர்களோ தளரவில்லை. 1921-இல் ரஷ்யாவின் வால்கா கரையில் பஞ்சம் மூண்டபோது, சராத்தவ் பகுதிக்குக் கப்பலில் உணவு அனுப்பினர். ஜெப் வரைந்த குழந்தைகள் உரிமைக் கூறுகள் ஐந்தினையும் 1924-இல் சர்வதேச சங்கம் ஏற்றது.

முற்றுகையை நீக்கும் ஆற்றல் அரசுகளுக்கே இருந்தது, இத்தொண்டர்களுக்கு இல்லை. ஆயினும் அரசு காட்ட விரும்பாத முகத்தை அவர்கள் மக்களுக்குக் காட்டினர். மாணவ நண்பர்களே, சோறு வழங்குவதற்கு முன்னரே தொடங்கும் அத்தொண்டினைத்தான் தன்னார்வச் சங்கங்களின் முதற்கடமையாக நான் கருதுகிறேன்.