வோக்கிஷா வாக்குக் கணக்கு, 2011

தேர்தலிற் கணினியின் பயன்பாடு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொறியின் நம்பகத்தன்மையையே ஆராய்வர். அதனைக் கையாளும் உள்ளூர் அலுவலரின் தகைமை அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து நிகழ்வொன்றை இந்நோக்கில் ஈண்டு அணுகுகிறோம்.

2011 ஏப்ரல் 5 அன்று அம்மாநில உயர்நீதிமன்றத்துக்கு நீதியரசர் ஒருவரைத் தெரிவதற்கான வாக்கெடுப்பு நடைபெற்றது. பெயரளவில் அது கட்சி சாராத தேர்தல். ஆயின், அரசாங்க ஊழியரின் கூட்டுப்பேர உரிமையைப் பெரிதும் பறித்த ஆளுநர் ஸ்கொட் வோக்கரின் சட்டம் அந்நீதிமன்றத்தை எட்டவிருந்தமையால், அது தொழிற்சங்கங்களுக்கும் ஆளுநருக்கும் இடையிலான பலப்பரீட்சையாகவே மாறிற்று. செய்தி நிறுவனக் கணக்கின்படி ஜோஆன் குளொப்பன்பேர்க் 204 வாக்குகளால் முன்னின்றார். ஏப்ரல் 7 மாலை, வோக்கிஷா கவுண்டியின் தேர்தற் பொறுப்பாளரான செயலாளர் கேத்தி நிக்கலஸ், புறூக்பீல்ட் நகரின் 14,315 வாக்குகள் தமது அறிக்கையில் விடுபட்டதாக அறிவித்தார். அவற்றுள் பதவியிலிருந்த நீதியரசர் டேவிட் புறொசருக்கு 10,859; குளொப்பன்பேர்க்குக்கு 3,456. முடிவு தலைகீழாயிற்று.

நகரில் வாக்குகள் முறைப்படியே எண்ணப்பட்டிருந்தன. அத்தொகையைக் கவுண்டியின் தரவுக்கோவையிற் சேர்த்தபின் சேமிக்கத் தவறியதாக நிக்கலஸ் விளக்கினார். ஒரு நகரமே விடுபட்டும் எவரும் அதனைக் கவனியாதிருந்தது எங்ஙனம் என்பதே எமது வினா. தேர்தற் தரவுகளை அவர் கவுண்டியின் வலையமைப்பினின்று விலக்கித் தம் அலுவலகத் தனிக்கணினிகளில் வைத்திருந்தார். பாதுகாப்புக் கருதியே அவ்வாறு செய்ததாக அவர் வாதிட்டார். 2010இலேயே இந்நடைமுறைகள் கண்டனத்துக்குள்ளாகித் தணிக்கையும் செய்யப்பட்டிருந்தன.

சரிபார்ப்புக் குழுவின் நிலை இன்னும் கவலைக்குரியது. அதில் ஜனநாயகக் கட்சி சார்பில் அமர்ந்திருந்த மூதாட்டி முதலிற் கணக்குச் சரியென்றார். சில நாட்களின் பின், தமக்கு வயது எண்பது, கணினி பற்றி எதுவும் தெரியாது, காட்டப்பட்ட தொகைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் அறியேன் என அறிக்கை விட்டார். அவரை நகைப்பது எளிது. ஆயின் அவரை அவ்விடத்தில் அமர்த்திய ஏற்பாடே ஆராய்வுக்குரியது.

புறொசர் மாநிலச் சட்டசபையின் சபாநாயகராயிருந்த காலத்தில் நிக்கலஸ் அங்குக் குடியரசுக் கட்சி உறுப்பினர் குழுவின் அலுவலகத்திற் பணிபுரிந்தவர். எனவே சூழ்ச்சி என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. எனினும் சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. மறுஎண்ணிக்கை புறொசரின் வெற்றியை 7,004 வாக்குகளால் உறுதிசெய்தது. தேர்தல் இரவில் எல்லாத் தொகைகளையும் வெளியிடாமை சட்டமீறலாகலாமெனினும், அது வேண்டுமென்று செய்யப்பட்டதன்று என மாநில விசாரணை கண்டது. முற்போக்காளர் பலர் இம்முடிவை மனமொப்பி ஏற்கவில்லை. கள்ளத்தைத் தேடிய அவர்கள் தகைமையின்மையைச் சிறுகுற்றமாகக் கருதிவிட்டனர் என்பதே எமது கருத்து.

2012 ஏப்ரல் தேர்தலிலும் வோக்கிஷாவின் முடிவுகள் தாமதமாயின. அதன்பின் ஆளுநரை மீளழைக்கும் தேர்தலின் பொறுப்பிலிருந்து நிக்கலஸ் ஒதுங்கினார்; அவ்வாண்டு மீண்டும் பதவிக்குப் போட்டியிடவுமில்லை.