இரவல் பருவம்: ஆங்கிலக் கால்பந்தில் இளம் ஆட்டக்காரர்களும் தற்காலிக ஒப்பந்தமும்

ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் எட்டு, ஒன்பது வயதிலேயே சிறுவர்களைத் தம் அகாடமிகளில் சேர்த்துக்கொள்கின்றன. பத்தாண்டுப் பயிற்சிக்குப் பின் பதினெட்டு வயதை எட்டும் பையனுக்கு இளைஞர் அணியில் கற்றுக்கொள்ள அதிகம் மிஞ்சியிருப்பதில்லை. முதல் அணியிலோ அவனுக்கு இடம் இல்லை. இந்த இடைக்காலத்தைக் கடக்கப் பெரும்பாலான கழகங்கள் நாடுவது இரவல் ஒப்பந்தத்தை. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் தாய்க் கழகத்திடமே இருக்கும். களமிறங்குவதற்கான பதிவு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு கழகத்துக்கு மாறும். சம்பளத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்பதை இரு கழகங்களும் பேசி முடிவு செய்துகொள்ளும். காலம் முடிந்ததும் அவர் திரும்பிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் இம்முறை தோன்றியபோது இளைஞர்களை வளர்ப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. ஆள் பற்றாக்குறையில் தவித்த கழகங்களுக்கான அவசர உதவியாகவே அது தொடங்கியது. வாங்குபவரின் தேவைக்காகப் பிறந்த ஏற்பாடு, ஐம்பது ஆண்டுகளில் கொடுப்பவரின் கருவியாக மாறியது.

அதன் வேர்கள் பதிவு முறையில் இருக்கின்றன. 1890களிலிருந்து ஆங்கில லீக்கில் ஓர் ஆட்டக்காரர் தாம் பதிவு செய்யப்பட்ட கழகத்தின் அனுமதியின்றி வேறு கழகத்துக்கு ஆட முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரை விடாமல் பிடித்து வைத்திருக்கக் கழகத்துக்கு உரிமை இருந்தது. இந்த இறுக்கம் பெரிய அளவில் தளர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். ராணுவப் பணியில் ஊர் ஊராக மாற்றப்பட்ட ஆட்டக்காரர்கள், தங்கள் முகாமுக்கு அருகில் உள்ள கழகத்துக்கு விருந்தினராக ஆட அனுமதிக்கப்பட்டனர். ராணுவ நகரமான ஆல்டர்ஷாட்டின் சிறிய கழகத்துக்கு ஸ்டான் கல்லிஸ், ஜோ மெர்சர், கிளிஃப் பிரிட்டன் என்று இங்கிலாந்து அணியின் நடுவரிசையே வந்து ஆடியது. போர் முடிந்ததும் விருந்தினர் முறையும் முடிந்தது. ஆனாலும் பதிவு ஓரிடத்திலும் ஆட்டம் வேறிடத்திலும் இருக்கலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி கிடைத்துவிட்டது.

1961இல் வாரத்துக்கு 20 பவுண்டு என்ற சம்பள உச்சவரம்பு நீக்கப்பட்டது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் யுனைடெட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஆட்டக்காரரை ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிவைக்கும் வழக்கம் நியாயமற்ற தொழில் தடை என்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். சம்பளச் செலவு ஏற ஏறச் சிறிய கழகங்களால் பெரிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தற்காலிக மாற்றங்களை லீக் முறைப்படி ஏற்றுக்கொண்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். கோல்கீப்பர் காயம்பட்டால் ஒரு மாதத்துக்கு ஒருவரை இரவல் வாங்குவது, முன்கள ஆட்டக்காரர் ஒருவரை விலைக்கு வாங்கும் முன் சோதித்துப் பார்ப்பது போன்றவையே தொடக்க கால இரவல்களின் பொதுவான இயல்பு.

இளைஞர்களும் அனுப்பப்பட்டார்கள்தான். 1985இல் ஆர்சனல் மார்ட்டின் கியோனை பிரைட்டனுக்கும், மில்வால் டெடி ஷெரிங்ஹாமை ஆல்டர்ஷாட்டுக்கும் அனுப்பின. இருவரும் பின்னர் இங்கிலாந்துக்கு ஆடியவர்கள். ஆனால் அக்காலத்தில் ஓர் இளைஞன் பெரியவர்களோடு மோதிப் பழக வெளியே போக வேண்டிய கட்டாயம் இல்லை. வடக்கே சென்ட்ரல் லீக்கும் தெற்கே ஃபுட்பால் காம்பினேஷனும் இரண்டாம் அணிகளுக்கான போட்டிகளாக இருந்தன. காயத்திலிருந்து மீளும் மூத்தவர்களும், முதல் அணியில் இடம் இழந்த முப்பது வயதுக்காரர்களும் அங்கே ஆடினார்கள். அவர்களின் முழங்கையும் தோளும் பதினெட்டு வயதுக்காரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தன. 1999இல் பிரிமியர் லீக் தன் இரண்டாம் அணிகளுக்குத் தனிப் போட்டி அமைத்தது. 2012இல் அதுவும் 21 வயதுக்குட்பட்டோர் போட்டியாக மாறி, மூத்தவர்கள் சிலருக்கு மட்டுமே இடமளித்தது. நுட்பம் கூடியது, மைதானங்கள் மேம்பட்டன; ஆனால் தோற்றால் வேலை போகும் என்ற அச்சத்தோடு ஆடும் எதிராளி அங்கிருந்து மறைந்துபோனார். இரவல் முறையின் பெருக்கத்துக்குப் பணத்தையே முதற்காரணமாகச் சொல்வது வழக்கம். கழகத்துக்குள்ளேயே இருந்த இந்தப் பள்ளி மூடப்பட்டதும் அதற்கு நிகரான காரணம்.

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஓர் இரவல், பழைய முறைக்கும் புதிய முறைக்கும் நடுவே நிற்கிறது. பதினான்கு வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பள்ளி ஆட்டக்காரராகச் சேர்ந்த டேவிட் பெக்காம், 1992இல் இளைஞர் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். பத்தொன்பது வயதில் அவரை ஒரு மாதத்துக்கு, நான்காம் அடுக்கில் ஆடிய பிரஸ்டன் நார்த் எண்டுக்கு அலெக்ஸ் ஃபெர்குசன் அனுப்பினார். தன்னைக் கழித்துவிடப் போகிறார்களோ என்று பெக்காம் முதலில் அஞ்சினார். வளர்ந்த இடத்தை விட்டுப் போகும் ஒவ்வொரு பையனுக்கும் வரும் அச்சம் அது. பிரஸ்டனில் கார்னரும் ஃப்ரீ கிக்கும் இனி அவருடையவை என்று மேலாளர் கேரி பீட்டர்ஸ் அறிவித்துவிட்டார். டான்காஸ்டர் ரோவர்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கார்னரிலிருந்து நேரடியாக ஒரு கோல் அடித்தார். ஐந்து லீக் ஆட்டங்கள், இரண்டு கோல்கள். ஏப்ரல் 2ஆம் தேதி யுனைடெட்டுக்காக லீட்ஸுக்கு எதிராகப் பிரிமியர் லீக்கில் அறிமுகமானார். அந்த ஒரு மாதத்தில் ஆட்ட நுட்பம் எதுவும் புதிதாகச் சேர்ந்திருக்காது. சேற்றிலும் முரட்டுத் தடுப்பிலும் தன் ஆட்டம் தாங்கும் என்ற உறுதியே அவர் கொண்டுவந்தது.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் வெஸ்ட் ஹாம் தன் பதினேழு வயது நடுக்கள ஆட்டக்காரர் ஃபிராங்க் லாம்பார்டை ஸ்வான்சி சிட்டிக்கு அனுப்பியது. ஒன்பது லீக் ஆட்டங்கள், ஒரு கோல். சிறிய செய்திதான், ஆனால் இந்த வரலாற்றில் அவர் பெயர் பிறகு இருமுறை வரும்.

1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை மாற்றுத் தொகையின்றி விடுவித்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு இருந்த எண்ணிக்கை வரம்பையும் நீக்கியது. தொலைக்காட்சிப் பணத்தில் மிதந்த பிரிமியர் லீக் கழகங்கள் உலகெங்கும் ஆள் எடுத்தன. உள்ளூர்ப் பையன் இப்போது போட்டியிட வேண்டியிருந்தது பிரேசில், பிரான்ஸ், நெதர்லாந்து அணிகளின் தேசிய ஆட்டக்காரர்களோடு. ஒரு மாத இரவல்கள் அரைப்பருவமாக நீண்டன, பிறகு முழுப்பருவமாக. ஒன்பது வயதிலிருந்து ஆர்சனலில் வளர்ந்த ஜாக் வில்ஷர் 2010 ஜனவரியில் போல்டனுக்குப் போனார். அங்கே பதினான்கு லீக் ஆட்டங்கள் ஆடித் திரும்பியவர், அடுத்த பருவத்தில் ஆர்சனலின் நடுக்களத்தில் நிலைத்தார்.

எல்லோருக்கும் ஒரே இரவல் போதவில்லை. ஹாரி கேனின் கதை இந்த முறையின் முழு நீளத்தையும் காட்டுகிறது. பதினோரு வயதில் டாட்டன்ஹாமில் சேர்ந்த அவர் 2011 ஜனவரியில், பதினேழு வயதில், மூன்றாம் அடுக்கில் இருந்த லேட்டன் ஓரியன்டுக்கு அனுப்பப்பட்டார். பதினெட்டு ஆட்டங்களில் ஐந்து கோல்கள். ஓராண்டு கழித்து மில்வால்: எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 27 ஆட்டங்கள், ஒன்பது கோல்கள். கீழிறங்கும் ஆபத்தில் இருந்த கழகம் அது. அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் பலருடைய வாழ்வாதாரம் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக 2012இல் நாரிச். சில ஆட்டங்களிலேயே கால் எலும்பு முறிந்தது. நான்காவது, 2013இல் லெஸ்டர் சிட்டி. அங்கே பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார். 13 லீக் ஆட்டங்களில் இரண்டு கோல்களே அடித்தார். அன்று ஒருவர் கணக்குப் போட்டிருந்தால் வளர்ச்சிக் கோடு கீழ்நோக்கி இறங்குவதாகத்தான் தெரிந்திருக்கும். 2014–15இல் அவர் டாட்டன்ஹாமுக்கு 31 கோல்கள் அடித்தார். 2023இல் பயர்ன் மியூனிக்குக்குச் செல்லும்போது 280 கோல்களோடு அக்கழகத்தின் எக்காலத்துக்குமான முதன்மைக் கோல்காரராக இருந்தார்.

இரவலின் பயன் அந்தப் பருவத்துப் புள்ளிவிவரத்தில் உடனே தெரிந்துவிடும் என்ற எண்ணத்தை கேன் பொய்யாக்குகிறார். ஆயினும் அவரை விதியாகக் கொள்வதும் தவறு. ஜோஷ் மெக்கீக்ரன் சிறுவயது முதல் செல்சியில் வளர்ந்தவர். பதினேழு வயதில் முதல் அணியில் இடம்பெற்று, ஆங்கில நடுக்களத்தின் அடுத்த நம்பிக்கை என்று பாராட்டப்பட்டவர். ஸ்வான்சி, மிடில்ஸ்பரோ, வாட்ஃபோர்ட், விகன், நெதர்லாந்தின் விட்டெஸ்ஸே என்று ஐந்து இரவல்கள்; ஒவ்வோர் இடத்திலும் ஒரு புது மேலாளர், ஒரு புது ஆட்டமுறை. 2015இல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்கப்பட்டார். தாய்க் கழகத்தின் முதல் அணியில் அவர் மறுபடி வேரூன்றவே இல்லை.

அடிக்கடி இடம் மாற்றாமல் ஒரே இடத்தில் நெடுநாள் விடுவதன் பலனுக்கு ஜெர்மனி நல்ல சான்று. மியூனிக்கில் பிறந்து பதினோரு வயதில் பயர்னில் சேர்ந்த பிலிப் லாமுக்கு, முதல் அணியின் இரு பின்பக்கங்களிலும் வழி அடைபட்டிருந்தது. இடப்பக்கம் பிரான்ஸ் அணியின் உலகக் கோப்பை வெற்றியாளர் பிக்ஸந்த் லிசரசு இருந்தார். 2003இல் பயர்ன் அவரை இரண்டு பருவங்களுக்கு ஸ்டுட்கார்டுக்குக் கொடுத்தது. பயிற்சியாளர் ஃபெலிக்ஸ் மகாத், வலக்காலரான லாமை இடப்புறம் ஆடவைத்தார். 2004 பிப்ரவரியில் ஜெர்மனிக்கு அறிமுகம். அதே கோடையில் ஐரோப்பியக் கோப்பை. 2005இல் பயர்னுக்குத் திரும்பியவர், 2014இல் அணித்தலைவராக உலகக் கோப்பையை ஏந்தினார்.

இங்கிலாந்தில் 2010க்குப் பிறகு இரவலின் அளவே மாறியது. அவ்வாண்டு பிரிமியர் லீக் கொண்டுவந்த 25 பேர் பட்டியல் விதி, 21 வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. பட்டியலில் இடமில்லாதவர்களுக்கு வெளியே ஓரிடம் வேண்டியிருந்தது. செல்சி ஒரே பருவத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பும் நிலையை எட்டியது. அவர்களைக் கண்காணிக்கத் தனிப் பயிற்சியாளர்களையும் நியமித்தது. அகாடமியில் வளர்ந்தவரை வாங்க மாற்றுத் தொகை செலவானதில்லை. எனவே அவரை விற்றால் வரும் தொகை கணக்கேட்டில் முழு லாபமாகப் பதிவாகும். நிதிக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது இந்தக் கணக்கு கழகங்களின் கண்ணில் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கீழ் அடுக்கில் நன்றாக ஆடிய ஒரு பருவம் பையனின் ஆட்டத்தை வளர்த்தது. அவன் விலையையும் வளர்த்தது. இரண்டில் எது கழகத்தின் உண்மையான நோக்கம் என்பது பல நேரங்களில் பையனுக்கே தெரியாது.

இதே செல்சியில்தான் இம்முறையின் மிகச் சிறந்த அறுவடையும் நிகழ்ந்தது. 2019 மே 27 அன்று வெம்ப்ளியில், பிரிமியர் லீக் நுழைவுக்கான இறுதி ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லா டார்பி கவுண்டியை 2–1 என்று வென்றது. வில்லாவுக்கு டாமி ஆப்ரகாமும், டார்பிக்கு மேசன் மவுன்டும் ஃபிகாயோ டொமோரியும் ஆடினர். மூவரும் சிறுவயது முதல் செல்சியில் வளர்ந்து, இரவலில் வந்தவர்கள். டார்பியின் மேலாளர், ஒருகாலத்தில் ஸ்வான்சிக்கு இரவல் போன அதே ஃபிராங்க் லாம்பார்ட். அந்தக் கோடையில் அவரே செல்சியின் மேலாளரானார். ஃபிஃபா விதித்த தடையால் கழகத்தால் புதிதாக யாரையும் பதிவு செய்ய இயலவில்லை. லாம்பார்ட் அந்த மூவரையும், விகனில் ஒரு பருவம் ஆடித் திரும்பிய ரீஸ் ஜேம்ஸையும் முதல் அணியில் ஆடவைத்தார். ஈராண்டு கழித்து, 2021 மே மாதம் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மவுன்டின் பாஸிலிருந்தே காய் ஹாவர்ட்ஸ் வெற்றிக் கோலை அடித்தார். தடை வராமல் இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேருக்கு வாசல் திறந்திருக்கும் என்பது நியாயமான கேள்வி. அவர்களின் திறமை இரவலில் நிரூபணமானது. வாய்ப்போ கட்டாயத்தால் வந்தது.

ஒழுங்குமுறைகள் இந்த வளர்ச்சிக்குப் பின்னால் மெதுவாகவே வந்தன. பிரிமியர் லீக்கில் ஒரு கழகம் ஒரே நேரத்தில் உள்நாட்டிலிருந்து இரண்டு பேரைத்தான் இரவலில் பதிவு செய்யலாம். அவர்கள் தாய்க் கழகத்துக்கு எதிராக ஆட முடியாது. பருவத்தின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் 93 நாட்கள் வரை ஆள் எடுக்க உதவிய அவசர இரவல், 2015–16 பருவத்தோடு கீழ் லீக்குகளில் நிறுத்தப்பட்டது. பெக்காமின் பிரஸ்டன் மாதம் போன்ற ஒன்றை இன்று அதே வடிவில் ஏற்பாடு செய்ய இயலாது. ஃபிஃபாவின் புதிய விதிகள் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இரவல் ஓராண்டுக்கு மேல் நீளக் கூடாது. இரவல் வாங்கியவரை மூன்றாம் கழகத்துக்கு மீண்டும் இரவல் கொடுக்கக் கூடாது. பன்னாட்டு இரவலில் ஒரு கழகம் கொடுப்பதும் வாங்குவதும் முதல் பருவத்தில் எட்டு பேர், அடுத்து ஏழு, 2024 ஜூலை முதல் ஆறு. உள்நாட்டு இரவல்களையும் இதற்கேற்ப அமைக்கத் தேசியச் சங்கங்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டது.

இந்த எண்ணிக்கை வரம்பு தாய்க் கழகத்திலேயே வளர்ந்த, 21 வயது வரை உள்ள ஆட்டக்காரர்களுக்குப் பொருந்தாது. அகாடமிகளை ஊக்குவிக்க வைத்த விலக்கு அது. ஆனால் எட்டு வயதிலிருந்து ஒரே சட்டையை அணிந்து வளர்ந்தவனைத்தான் அது வரம்புக்கு வெளியே விடுகிறது. அவனை எத்தனை முறை, எத்தனை ஊருக்கு அனுப்பலாம் என்பதற்கு மேல்வரம்பு இல்லை. போன இடத்தில் அவன் எத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்பதற்குக் கீழ்வரம்பும் இல்லை. ஆடவைக்காவிட்டால் கூடுதல் தொகை தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சில தாய்க் கழகங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கின்றன. பையனின் ஆட்ட நேரத்துக்கு இன்று உள்ள எழுத்துப்பூர்வமான காப்பு பெரும்பாலும் அந்த நிபந்தனை மட்டுமே.