ஏர் ப்யூரிஃபையர் வாங்கப் போறீங்களா? தூசியைப் பிடிக்கும்... வாயுவைப் பிடிக்குமா? கடைக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

எண்ணூர், மணலி, கொடுங்கையூர் பக்கம் வசிப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியில் படியும் கறுப்புத் தூசி புதிதல்ல. அனல்மின் நிலையங்கள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள், குப்பைக் கிடங்கு என எல்லாமே வடசென்னையில்தான். வீட்டில் வீசிங் உள்ள குழந்தையோ, மூச்சிரைப்பு உள்ள பெரியவரோ இருந்தால், "ஒரு ஏர் ப்யூரிஃபையர் வாங்கிடலாமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

வாங்கலாம். ஆனால் அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று தெரியாமல் வாங்கினால் பணமும் வீண், பாதுகாப்பா இருக்கோம் என்ற நம்பிக்கையும் பொய்.

முதல்ல உங்க காத்துல என்ன இருக்கு?

கெட்ட காற்றில் இரண்டு வகை மாசு உண்டு. ஒன்று, துகள். இன்னொன்று, வாயு.

துகளில் ஆபத்தானது பி.எம். 2.5. அதாவது 2.5 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறியது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு, தொண்டை தடுக்க முடியாமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவோ வெறும் 15.

வாயு என்றால் நிலக்கரி எரிவதால் வரும் சல்ஃபர் டை ஆக்சைடு, வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு, அம்மோனியா போன்றவை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம், பெருங்குடி போன்ற இடங்களின் ஏ.கியூ.ஐ. அளவைப் பார்க்கலாம். 100 வரை பிரச்னை குறைவு. 200-ஐத் தாண்டினால் 'மோசம்', 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்'. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அந்த எண்ணுக்குக் காரணம் எந்த மாசு என்பதையும் பாருங்கள். அதுதான் எந்த ஃபில்டர் வேண்டும் என்பதை முடிவு செய்யும்.

ஹெப்பா ஃபில்டர்: தூசிக்கு கில்லாடி

பி.எம். 2.5-ஐப் பிடிப்பது ஹெப்பா ஃபில்டர். மெல்லிய இழைகளால் ஆன, மடிப்பு மடிப்பான காகிதம் போல இருக்கும். அமெரிக்கத் தரப்படி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் ஹெச்13 என்றால் 99.95 சதவீதம்.

ஏன் 0.3 மைக்ரான்? ஏறக்குறைய அந்த அளவுத் துகளைப் பிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம். அதைவிடப் பெரியது நேராக இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். அதைவிடச் சிறியது காற்றில் தாறுமாறாக அலைந்து, எப்படியும் ஏதாவது ஓர் இழையில் சிக்கிவிடும்.

அட்டைப்பெட்டியில் 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா லைக்' என்று போட்டிருந்தால் உஷார். அது 'ஹெப்பா மாதிரி' என்பதுதான், ஹெப்பா இல்லை.

வாயுவுக்கு? கார்பனின் எடையைக் கேளுங்க

ஹெப்பா வழியாக வாயு அப்படியே தாண்டிப் போய்விடும். நாற்றத்தையும் சில வாயுக்களையும் உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். பல மெஷின்களில் இது கறுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய ஷீட்டாக மட்டுமே இருக்கும். சமையல் வாசனைக்கு அது போதும். ஆலைப் புகைக்குச் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் கடையில், "இதுல கார்பன் எவ்வளவு எடை இருக்குண்ணே?" என்று கேளுங்கள். கிராம் கணக்கா, கிலோ கணக்கா என்பதில்தான் வித்தியாசமே.

அம்மோனியாவுக்கு அதுவும் போதாது. சாதாரண கார்பன் அம்மோனியாவை அதிகம் பிடிக்காது. அமிலம் ஏற்றிய தனி வகை கார்பன் தேவை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் உள்ளிட்ட பகுதி மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அப்படி ஓர் இரவில் எந்த ஏர் ப்யூரிஃபையரும் உதவாது. கதவைச் சாத்திக்கொண்டு மெஷினை ஓடவிடுவது பாதுகாப்பு அல்ல. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகிச் செல்வதுதான் வழி. அவசர உதவிக்கு 108 அல்லது 112.

ரூம் சைஸுக்கு ஏத்த மெஷின்: இதோ சிம்பிள் கணக்கு

வாங்கும்போது பார்க்க வேண்டிய முக்கியமான எண் சி.ஏ.டி.ஆர். அதாவது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை மெஷின் தரும் என்ற அளவு.

அறையின் காற்று மணிக்கு 5 முறை சுத்தமாவது நல்லது. 10 அடி உயரக் கூரை என்றால், அறையின் சதுர அடியை 1.5-ஆல் பெருக்குங்கள். 10-க்கு 12 அடி பெட்ரூம் 120 சதுர அடி. அதற்கு 180 சி.ஏ.டி.ஆர். வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் போட்டிருப்பது ஃபுல் ஸ்பீடில் கிடைக்கும் அளவு. ராத்திரி சத்தம் தாங்காமல் ஸ்லீப் மோடில் வைத்தால் அது பாதிக்கும் கீழே போய்விடலாம். அதனால் கணக்கு 180 என்றால் 250, 300 உள்ள மெஷினைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வீடு முழுக்க ஒரே மெஷின் என்பது நடக்காது. பட்ஜெட் குறைவு என்றால் எல்லோரும் தூங்கும் ஓர் அறையை மட்டும் தேர்வு செய்யுங்கள். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மூச்சு விடுவது அங்கேதான்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

• மாற்று ஃபில்டர் என்ன விலை? பொதுவாக 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். தூசி அதிகமுள்ள பகுதியில் இன்னும் சீக்கிரம். மெஷின் மலிவு, ஃபில்டர் விலை அதிகம் என்றால் இரண்டாம் வருடம் அது மூலையில்தான் கிடக்கும்.

• ஓசோன் வெளியிடுமா? 'அயனைசர்', 'ஓசோன்' என்று விளம்பரம் செய்யும் சில மெஷின்கள் நுரையீரலை எரிச்சலூட்டும் ஓசோனை உருவாக்கும். ஆஸ்துமா உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். அயனைசர் இருந்தால் தனியாக ஆஃப் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

• கரன்ட் எவ்வளவு? 50 வாட் மெஷின் தினமும் 10 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 30 யூனிட் கூடும்.

• சென்சார் எதைக் காட்டுகிறது? மெஷினில் எரியும் பச்சை விளக்கு பெரும்பாலும் துகளுக்கானது. பச்சை எரிந்தால் வாயு இல்லை என்று அர்த்தமல்ல.

வாங்கியாச்சு... செய்யக்கூடாத தவறுகள்

புது ஃபில்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே ஓடவிடுபவர்கள் உண்டு. முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால், பீரோ சந்தில் வைத்தால் காற்று இழுக்காது. ஹெப்பா ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. முன்னால் இருக்கும் வலையை மட்டும் சுத்தம் செய்யலாம்.

அதே அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி ஏற்றிவிட்டு மெஷினைப் போடுவதில் பயனில்லை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்தால் வெளியாகும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்கிறது 2003-இல் வெளியான ஓர் ஆய்வு. கொசுவலைக்கு மாறுவது எந்த ஃபில்டரையும் விட மலிவு.

ஏ.சி. இருந்தால் போதாதா என்றால், போதாது. ஸ்பிளிட் ஏ.சி.யில் இருக்கும் வலை பெரிய தூசியை மட்டுமே தடுக்கும்.

ஜன்னலை எப்போதும் மூடியே வைக்கவும் கூடாது. கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடை ப்யூரிஃபையர் நீக்காது. சமீர் ஆப்பில் ஏ.கியூ.ஐ. இறங்கும் நேரம் பார்த்துத் திறந்து விடுங்கள். போகி, தீபாவளி நாட்களில் புகை அடங்கும் வரை மூடி வையுங்கள்.

டாக்டர் தந்த இன்ஹேலருக்கு ஏர் ப்யூரிஃபையர் மாற்று அல்ல. மெஷின் வந்த பிறகும் மருந்தை நிறுத்தக்கூடாது.

மெஷினால் ஓர் அறையைத்தான் காப்பாற்ற முடியும். பள்ளிக்கூடத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் புகையோ நெடியோ வந்தால் தேதி, நேரம், இடத்தோடு குறித்து வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுங்கள். சமீர் ஆப்பிலேயே அதற்கு வசதி இருக்கிறது.