காயம் கட்டுகிறவர்களின் காயம்



பிறருடைய காயங்களைக் கட்டுகிறவர்களின் உள்ளத்திலும் காயம் உண்டு. நெடுங்காலம் அதற்குப் பெயர் இல்லாதிருந்தது. 1984ஆம் ஆண்டில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன், செவிலியர் பணியைக் குறித்த தமது நூலில் அதை ‘அறத்துயர்’ என்னும் பொருளில் குறிப்பிட்டார். செய்யவேண்டிய நன்மை இன்னதென்று அறிந்தும், நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் அதைச் செய்யவொட்டாமல் தடுக்கும்போது உண்டாகும் வேதனை அது.

1994இல், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜொனாதன் ஷே என்னும் மனநல மருத்துவர், மனச்சாட்சி அடையும் காயத்தைப் பற்றி எழுதினார். செவிகொடுத்துக் கேட்டு, துயரத்தைப் பகிர்ந்துகொள்ளும் சமூகமின்றி அக்காயம் ஆறாது என்பது அவர் கண்ட உண்மை.

அதே ஆண்டில், பாஸ்டன் நகர வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோய்க்கு உள்ளானார். தம்மைக் கவனித்தவர்களின் பரிவு எத்தனை அருமையானதென்றும், வேலைப்பளுவில் அது எவ்வளவு எளிதில் நசுங்குமென்றும் படுக்கையிலிருந்தே கண்டார். 1995இல் மரிப்பதற்குமுன் அவர் நிறுவிய மையத்தின் முயற்சியால், 1997இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஒரு புதிய கூடுகை தொடங்கிற்று. மருத்துவரும் செவிலியரும் பிற ஊழியரும் ஒன்றாக அமர்ந்து, தங்களைப் பாதித்த அனுபவங்களை மனந்திறந்து பேசுவார்கள். அங்கே குற்றம் சாட்டுவதில்லை. தீர்வு சொல்ல அவசரப்படுவதுமில்லை.

2018இல் வெண்டி டீன், சைமன் டால்பட் என்னும் இரு மருத்துவர்கள், தங்கள் தோழர்களைப் பீடிப்பது வெறும் சோர்வன்று, மனச்சாட்சியின் காயமே என்று எழுதினார்கள். சோர்வென்றால் குறை ஊழியரிடத்தில் என்போம்; காயமென்றால் அமைப்பையும் திருத்தவேண்டியதாகும். ஈராண்டுக்குள் கொரோனா வந்தது.

2020 மார்ச் 22 மாலையில் நாம் வாசலில் நின்று கைதட்டினோம். அது நல்லதே. ஆனால் உற்றார் அருகில் இல்லாமல் மரித்தவனின் கையைப் பிடித்திருந்த செவிலியரிடம், அந்த இரவைக் குறித்து நாம் கேட்டோமா?

சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்த எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. முதலில் அப்பமும் நித்திரையும் தந்தார். பின்பு ஓரேபிலே அவன் முறையீட்டை இருமுறை கேட்டார். அதன்பின் எலிசாவைத் துணையாகக் கொடுத்தார்.

பிரியமானவர்களே, நமது சபையிலும் இரவுப்பணி முடித்து ஆராதனைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களில் ஒருவருக்கு ஒருவேளை உணவளியுங்கள். அவர் பேசினால் புத்தி சொல்லாமல் கேளுங்கள். பேசாவிட்டால் அருகில் அமர்ந்திருங்கள். ஆமென்.