ஒல்லாந்தர் காலத்தில் இல்லமும் திருச்சபையும்

1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானதும் ஈழத்துக் கத்தோலிக்கரின் சமய வாழ்வு பெருஞ் சோதனைக்குள்ளாயிற்று. குருமார் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் சீர்திருத்தச் சபைக்குரியனவாயின, கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் அளித்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. குருவையும் ஆலயத்தையும் மட்டுமே நம்பிய சமயமாயின், அஃது ஒரு தலைமுறைக்குள் அழிந்திருக்கும். எனினும் 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளார், சில்லாலை முதலிய ஊர்களில் விசுவாசம் தளராத குடும்பங்களைக் கண்டார். வெளியே சீர்திருத்தச் சபையிற் பெயர் பதிந்தோருட் பலர், வீட்டினுள் பழைய செபங்களையே பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தனர்.

ஆயினும் இல்லம் மட்டும் போதியதன்று. திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் வீட்டார் தாமே நிறைவேற்றக் கூடியனவல்ல. இதனை உணர்ந்த அடிகளார், குரு வராத நாட்களிலும் மக்களைச் செபத்துக்குக் கூட்டவும் சிறுவர்க்கு ஞானபோதனை புகட்டவும் ஊர்தோறும் மூப்பரை நியமித்தார். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அப்பணிக்கு வலுவூட்டினார். இவ்வாறு வீட்டிற் காக்கப்பட்ட விசுவாசம் சபை வாழ்வாக ஒழுங்கு பெற்றது.

1806 இல் பிரித்தானியர் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியபோது வெளிவந்தது புதியதொரு சபையன்று. தாய்மாரும் மூப்பரும் ஒன்றரை நூற்றாண்டு பேணிய சபையே எனலாம்.