காட்சி விளைவுக் கல்வி

காட்சி விளைவுக் கல்வி என்பது, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கான காட்சிகளைக் கணினியின் துணையுடன் உருவாக்கவும், படக்கருவி பதிவு செய்த காட்சிகளோடு அவற்றை இணைக்கவும் பயிற்றுவிக்கும் உயர்கல்வித் துறை ஆகும். கணினி வரைகலை, ஒளியியல், ஒளிப்பதிவு, ஓவியம், நிரலாக்கம் ஆகியவை இத்துறையில் ஒன்றுசேர்கின்றன. 2019 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பல பல்கலைக்கழகங்கள் இதனுடன் மெய்நிகர்த் தயாரிப்பு என்னும் துறையையும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கின.

சொற்பொருள்

படப்பிடிப்புத் தளத்திலேயே நிகழ்த்தப்படும் வெடிப்பு, செயற்கை மழை, ஒப்பனை போன்றவை சிறப்பு விளைவுகள் எனப்படும். படப்பிடிப்புக்குப் பின்னர் கணினியில் சேர்க்கப்படுபவையோ மாற்றப்படுபவையோ காட்சி விளைவுகள் எனப்படும். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இவை "சி.ஜி." என்றும், இதற்குப் பயன்படும் பச்சைத்திரை "கிரீன் மேட்" என்றும் வழங்கப்படுகின்றன.

மெய்நிகர்த் தயாரிப்பு இவ்வரிசையை மாற்றி அமைக்கிறது. கணினியில் உருவாக்கிய பின்னணி, படப்பிடிப்பு நடக்கும்போதே பெரிய எல்.இ.டி. திரையில் காட்டப்பட்டு, நடிகருடன் சேர்த்து ஒரே படக்கருவியால் பதிவு செய்யப்படுகிறது. ஆகவே முன்பு இறுதியில் செய்யப்பட்ட வேலையின் பெரும்பகுதி படப்பிடிப்புக்கு முன்னரே முடிந்தாக வேண்டும்.

பல்கலைக்கழகத் தோற்றம்

இத்துறையின் அடிப்படைகள் பல, திரைப்படக் கூடங்களில் அல்லாமல் பல்கலைக்கழக ஆய்வகங்களில் தோன்றியவை. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் எவன்சு கணினி அறிவியல் துறையை நிறுவினார். ஐவன் சதர்லாந்து 1968 இல் அங்கு சேர்ந்தார். அங்கு பயின்ற ஆன்றி கூரோ, புய் துவோங் போங் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய நிழலிடல் முறைகள் இன்றும் அவர்களின் பெயராலேயே அறியப்படுகின்றன. பல்கோணத் துண்டுகளால் ஆன ஓர் உருவத்தை வழவழப்பாகத் தோன்றச் செய்வதே இம்முறைகளின் நோக்கம்.

அதே துறையில் பயின்ற எட்வின் கேட்மல், 1972 இல் பிரெட் பார்க்குடன் இணைந்து தன் இடக்கையின் கணினி உருவத்தை அசைவூட்டப் படமாக்கினார். இதன் பகுதிகள் 1976 இல் வெளிவந்த பியூச்சர்வேர்ல்ட் திரைப்படத்தில் இடம்பெற்றன. கேட்மலின் 1974 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு, மேற்பரப்பின் மீது படத்தைப் போர்த்தும் முறையையும், எப்பொருள் முன்னால் உள்ளது என்பதை ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஆழ அளவைக் கொண்டு தீர்மானிக்கும் முறையையும் விவரித்தது. இன்றைய வரைகலை அட்டைகள் அனைத்தும் இவ்விரு முறைகளையும் பயன்படுத்துகின்றன. மார்ட்டின் நியூவெல் 1975 இல் அங்கு வடிவமைத்த தேநீர்க் கெண்டி, இன்றும் மாணவர்கள் தங்கள் நிரல்களைச் சோதிக்கப் பயன்படும் உருவமாக உள்ளது.

கேட்மலும் ஆல்வி ரே சிமித்தும் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழினுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அளவுகளுடன் ஒளிபுகாமையைக் குறிக்கும் நான்காவது அளவையும் சேர்த்தனர். இது ஆல்பா எனப்படுகிறது. 1984 இல் தாமசு போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் இவ்வளவைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைப்பதற்கான கணித விதிகளை வகுத்து வெளியிட்டனர். இந்நால்வருக்கும் 1996 இல் அகாதமியின் அறிவியல், தொழினுட்ப விருது வழங்கப்பட்டது.

மெய்நிகர்த் தயாரிப்பின் வேர்களும் இத்தகையவையே. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பால் டெபவெக் 1997 இல், ஒளிப்படங்களிலிருந்து பல்கலைக்கழக மணிக்கூண்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் முப்பரிமாணமாக மீட்டுருவாக்கிய குறும்படத்தை வெளியிட்டார். இம்முறை 1999 இல் வெளிவந்த த மேட்ரிக்ஸ் திரைப்படத்தின் மெய்நிகர்ப் பின்னணிகளுக்குப் பயன்பட்டது. பின்னர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவரது குழு, நடிகரைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகளை அமைத்து, அவர் சேர்க்கப்படவிருக்கும் பின்னணியின் ஒளியையே அவர்மீது விழச்செய்யும் முறையை 2002 இல் விளக்கியது. எல்.இ.டி. திரைகள் சூழ்ந்த படப்பிடிப்புத் தளத்துக்கு இது முன்னோடி. 2019 இல் வெளிவந்த த மாண்டலோரியன் தொடருக்காக ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 23 மீட்டர் விட்டமும் கொண்ட, 270 பாகை வளைந்த திரைத்தளம் பயன்படுத்தப்பட்ட பின்னரே இம்முறை பரவலாக அறியப்பட்டது.

பாடங்கள்

பட்டப்படிப்புகளின் பாடத்திட்டங்கள் இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் பின்வரும் பகுதிகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

கலவையாக்கம்

இரு படங்களை ஒன்றாக்கும் கலை கலவையாக்கம் ஆகும். போர்ட்டர், டஃப் விதிகளில் அடிப்படையானதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நடிகரின் தலைமுடி ஓரத்தில் ஒரு படப்புள்ளியை முடி 40 விழுக்காடு மட்டுமே நிரப்புகிறது எனக் கொள்வோம். முடியின் ஒளிர்வு 0.1, பின்னால் வைக்கப்படும் வானத்தின் ஒளிர்வு 0.9 எனில், விடை 0.4 × 0.1 + 0.6 × 0.9 = 0.58 ஆகும். பச்சைத்திரைக் காட்சியில் இந்த 40 விழுக்காட்டைச் சரியாகக் கண்டறிவதும், எஞ்சிய 60 விழுக்காட்டில் கலந்துள்ள பச்சையை நீக்குவதும் கடினமான வேலைகள். முடி ஓரத்தில் பச்சைக் கோடு தெரியும் காட்சிகளில் இவ்வேலை முழுமையாகச் செய்யப்படவில்லை என்று அறியலாம்.

இக்கணக்கு, எண்கள் ஒளியின் உண்மையான அளவைக் குறிக்கும்போது மட்டுமே பொருந்தும். கணினித் திரைக்கென எழுதப்பட்ட வழக்கமான படக்கோப்பில் 0.5 என்னும் மதிப்பு, முழு ஒளியில் ஏறத்தாழ 21 விழுக்காட்டையே குறிக்கிறது. இம்மாற்றத்தை அறியாத மாணவர் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும், அவர் இணைக்கும் படங்களின் ஓரங்களில் கருமை படியும்.

படக்கருவியும் ஒளியும்

வில்லையின் குவியத் தொலைவு, இயற்தோற்றம், இடமாறு தோற்றப்பிழை, காட்சிப் புல ஆழம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. நகரும் படக்கருவியின் பாதையை, பதிவான படத்திலிருந்தே கணக்கிடும் தடமறிதலுக்கு வடிவவியலும் அணிக்கணிதமும் தேவைப்படுகின்றன. இவற்றுடன் உருவ ஓவியம், ஒளிப்படக்கலை, உடற்கூறு ஆகியவையும் பாடங்களாக உள்ளன. நிழல் எங்கு விழ வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டுத் தரும். ஆனால் அக்காட்சி நம்பும்படி உள்ளதா என்பதைப் பழகிய கண்ணே தீர்மானிக்கிறது.

மெய்நிகர்த் தயாரிப்பு

எல்.இ.டி. திரையில் தோன்றும் பின்னணி, படக்கருவி நகரும்போது அதன் இடத்துக்கேற்ப மாறியாக வேண்டும். இதற்காகப் படக்கருவியின் நிலை தொடர்ந்து அளக்கப்பட்டு, நிகழ்பட ஆட்டங்களுக்கென உருவான அன்ரியல் என்ஜின் போன்ற மென்பொருளுக்கு அனுப்பப்படுகிறது. நொடிக்கு 24 படங்கள் எனில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 42 மில்லிநொடி மட்டுமே. இதனால் காட்சியின் பல்கோண எண்ணிக்கை, ஒளிக்கணக்கீடு ஆகியவற்றைச் சிக்கனமாக அமைக்க மாணவர் கற்க வேண்டியுள்ளது.

திரைக்கும் படக்கருவிக்கும் இடையிலான நேர ஒத்திசைவு, திரையின் புள்ளிகள் படத்தில் அலைக்கோடுகளாகத் தோன்றும் சிக்கல், மூன்று நிறங்களை மட்டுமே உமிழும் திரையின் ஒளியில் தோல் நிறம் மாறித் தெரிதல் ஆகியவையும் பாடங்களாகும். எல்.இ.டி. தளம் அமைக்கப் பெருஞ்செலவு ஆவதால், சிறிய திரை, ஒளிவீழ்த்தி ஆகியவற்றைக் கொண்டும் இவ்வடிப்படைகள் கற்பிக்கப்படுகின்றன.

கல்வி நிறுவனங்கள்

இங்கிலாந்தின் போர்ன்மத் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய கணினி அசைவூட்ட மையம் இத்துறையில் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. கலையையும் நிரலாக்கத்தையும் ஒரே பட்டத்தில் கற்பித்தது இதன் தனித்தன்மை. செருமனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில் 1991 இல் நிறுவப்பட்ட பாடன்-வூர்ட்டம்பர்க் திரைப்படக் கழகத்தில் மாணவர்கள் குழுக்களாக இணைந்து படம் உருவாக்குவதே பயிற்சியின் மையமாக உள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் காட்சியாக்கத் துறையும் குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில், சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் அசைவூட்டம், காட்சி விளைவுகள் ஆகியவற்றில் இளங்கலைப் பட்டப்படிப்பை நடத்துகிறது.

திறனாய்வுகள்

பட்டம் பெற்றோரின் திறனுக்கும் தொழிலின் தேவைக்கும் இடையே உள்ள இடைவெளியே இக்கல்வி மீதான முதன்மையான குறை. பிரித்தானிய அரசின் வேண்டுகோளின்படி, நிகழ்பட ஆட்டத் துறையைச் சேர்ந்த இயன் லிவிங்ஸ்டன், காட்சி விளைவுத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஹோப் ஆகியோர் இதனை ஆராய்ந்து, 20 பரிந்துரைகள் கொண்ட அறிக்கையை 2011 பெப்ரவரியில் வெளியிட்டனர். மென்பொருளை இயக்க மட்டும் கற்பிப்பது போதாது என்றும், பள்ளிப் பருவத்திலிருந்தே கணினி அறிவியலும் கலையும் ஒருசேரக் கற்பிக்கப்பட வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் கணினியியல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்ததற்கு இவ்வறிக்கையும் ஒரு காரணம் ஆகும்.

குறிப்பிட்ட மென்பொருளைச் சுற்றி அமையும் படிப்புகள் விரைவில் பயனற்றுப் போகக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. கலவையாக்கத்துக்குப் பெரிதும் பயன்பட்ட ஷேக் மென்பொருளை ஆப்பிள் நிறுவனம் 2009 இல் கைவிட்டது. அசைவூட்டத்துக்குப் பயன்பட்ட சாஃப்ட்இமேஜ் மென்பொருளின் 2015 பதிப்பே இறுதியானது என்று ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2014 இல் அறிவித்தது. அவற்றில் மட்டுமே பயிற்சி பெற்றோர் வேறு கருவிகளைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. ஆனால் 1984 இல் வகுக்கப்பட்ட போர்ட்டர், டஃப் விதிகள் அதன்பின் வந்த கலவையாக்க மென்பொருள்களிலும் மாறவில்லை.

வேலைவாய்ப்பு

கலவையாக்கர், ஒளியமைப்பாளர், உருவமைப்பாளர், தொழினுட்ப இயக்குநர், நிகழ்நேர வரைகலைக் கலைஞர் போன்ற பணிகளில் பட்டதாரிகள் சேர்கின்றனர். பல பணிகள் ஒரு திரைப்படத்தின் கால அளவுக்கு மட்டுமான ஒப்பந்தங்களே.

இத்தொழிலில் படத்தின் வெற்றி கூடத்தின் நிலைத்தன்மைக்கு உறுதி அளிப்பதில்லை. லைஃப் ஆஃப் பை திரைப்படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்டு ஹியூஸ் நிறுவனம் 2013 பெப்ரவரியில் நொடிப்புநிலை அறிவித்தது. அதே மாதத்தில் அப்படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றபோது, விருது நடந்த அரங்கின் வெளியே இத்துறைக் கலைஞர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். 2025 பெப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியால் வீழ்ந்தபோது, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் அதன் கூடங்கள் மூடப்பட்டன. எனவே கணிதமும் நிரலாக்கமும் பயின்றவர்கள் நிகழ்பட ஆட்டம், கட்டடக் காட்சியாக்கம், மருத்துவப் படிமவியல், பயிற்சிப் பாவனையாக்கம் போன்ற அண்டைத் துறைகளுக்கு மாற இயல்வது இக்கல்வியின் முக்கியப் பயனாகக் கருதப்படுகிறது.

கட்டற்ற, இலவசக் கருவிகள்

2002 இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட பிளெண்டர், உருவமைப்பு, அசைவூட்டம், தடமறிதல், கலவையாக்கம் ஆகிய அனைத்தையும் ஒரே கருவியில் தருகிறது. கட்டற்ற மென்பொருளாக இல்லாவிடினும், கலவையாக்கத்துக்கான நியூக் மென்பொருளின் வணிகமல்லாப் பதிப்பும், அன்ரியல் என்ஜினும் மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆகவே ஒரு மாணவர் கல்லூரியில் சேரும் முன்னரே, ஒரு கைப்பேசியையும் கணினியையும் கொண்டு, தான் எடுத்த காட்சியில் ஒரு பொருளைச் சேர்த்து, அதன் நிழலும் ஒளியும் பொருந்துகின்றனவா எனச் சோதித்துப் பார்க்க முடியும். சேர்க்கையின்போது பல நிறுவனங்கள் மதிப்பெண்களுடன் இத்தகைய படைப்புத் தொகுப்பையும் கேட்கின்றன.

இவற்றையும் பார்க்க

கணினி வரைகலை
அசைவூட்டம்
ஒளிப்பதிவு
பிளெண்டர்