தாவரச் சாற்றால் ஆக்கப்படும் வெள்ளி நானோ துகள்கள்: மருத்துவப் பயன்பாட்டில் மேலுறையின் பங்கு

வெள்ளி கிருமிகளைக் கொல்லும் என்பது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. லைப்சிக் நகரின் மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரேடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 விழுக்காட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டாக இட்டுப் பார்வையிழப்பைத் தடுக்கும் முறையை 1880களின் தொடக்கத்தில் வெளியிட்டார். 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு தீக்காயச் சிகிச்சையில் இன்றும் புழங்குகிறது. ஆகவே, தாவரச் சாற்றைக் கொண்டு ஆக்கிய வெள்ளி நானோ துகள்கள் பாக்டீரியாவை அழித்தன என்று மட்டும் கூறும் ஆய்வு, முன்பே அறிந்ததைத்தான் மீண்டும் உறுதிசெய்கிறது. அத்துகளில் தாவரத்தின் பங்கு என்ன என்பதே இங்கு விடை காண வேண்டிய வினா. அவ்விடையைத் துகளைப் போர்த்தியிருக்கும் கரிமச் சேர்மங்களின் மேலுறையிலேயே தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. வெள்ளி நைட்ரேட்டின் நீர்த்த கரைசலில் சாறு கலக்கப்படும்போது, சாற்றிலுள்ள பாலிஃபீனால் போன்ற சேர்மங்கள் எலக்ட்ரான்களை ஈந்து, வெள்ளி அயனிகளை மின்சுமையற்ற அணுக்களாக ஒடுக்குகின்றன. அவ்வணுக்கள் திரண்டு, ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரால் அளக்கத்தக்க துகள்களாகின்றன. கரைசல் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாவதும், நிறமாலையில் 400 முதல் 450 நானோமீட்டர் அளவில் உட்கவர் முகடு தோன்றுவதும் துகள் உருவானதற்கு அடையாளங்கள். தாவரச் சேர்மங்களில் ஒரு பகுதி துகளின் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படிந்துவிடாமல் காக்கிறது. இதுவே மேலுறை.

துகள் எவ்வாறு கொல்கிறது என்பதை அறியாமல் மேலுறையின் பயனை மதிப்பிட இயலாது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் வெள்ளித் துகள்கள் எஸ்செரிச்சியா கோலி பாக்டீரியாவைக் கொல்லவில்லை என 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதாவது, துகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து வெளிவிடும் அயனியே முதன்மையான நஞ்சு. அவ்வாறாயின் மேலுறையின் தடிமனும் தன்மையும் அயனி வெளியேறும் வேகத்தை மாற்றக்கூடியவை. இதை நிறுவ, தாவரச் சாற்றால் ஆக்கிய துகளை, சாறு மட்டும், அதே அளவு வெள்ளி கொண்ட நைட்ரேட் கரைசல், வேதிமுறையில் ஆக்கிய அதே அளவுத் துகள் ஆகிய மூன்றோடும் ஒப்பிட்டாக வேண்டும். ஆனால் பல ஆய்வுகள் ஊட்டத்தட்டில் பாக்டீரியா வளராமல் தெரியும் தடுப்பு வளையத்தின் விட்டத்தை அளப்பதோடு நின்றுவிடுகின்றன. அயனி அத்தட்டின் அகார் கூழில் எளிதில் பரவும், துகளோ மெதுவாகவே பரவும். ஆகையால் வளையத்தின் அளவு கொல்திறனின் நேரான அளவுகோல் ஆகாது.

தாவரச் சேர்மத்துக்குத் தனிப் பங்கு உண்டு என்பதற்கு வலுவான சான்று வேறொரு திசையிலிருந்து வந்தது. துகள்களோடு தொடர்ந்து வளர்க்கப்பட்ட எஸ்செரிச்சியா கோலி, நீந்த உதவும் கசையிழையின் புரதமான ஃபிளாஜெல்லினை மிகுதியாகச் சுரந்து, துகள்களைத் திரளச் செய்து செயலிழக்க வைத்ததை 2018இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். துகளின் மேலுறையை வேதிமுறையில் மாற்றியும் இவ்வெதிர்ப்பு தளரவில்லை. மாதுளைத் தோலின் சாறு ஃபிளாஜெல்லின் உற்பத்தியை ஒடுக்கியபோதுதான் தளர்ந்தது. இங்குச் சாறு துகளை ஆக்கவில்லை, உடன் சேர்க்கப்பட்டது. எனினும் துகளோடு எந்தச் சேர்மத்தை இணைக்கலாம் என்பதற்கு இத்தகைய சோதனையே வழி காட்டுகிறது.

புற்றுநோய் மருந்தாக இத்துகள்களை முன்னிறுத்தும் ஆய்வுகளை மிகுந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டும். வளர்ப்புத் தட்டில் புற்று உயிரணுக்களைக் கொல்லும் அளவு இயல்பான உயிரணுக்களையும் கொல்லுமா என்பதே முதற்கேள்வி. குருதியில் கலந்த துகளின் மேல் புரதங்கள் படிந்து புதிய உறையாகின்றன; வெளிவரும் அயனியைக் குளோரைடும் கந்தகம் கொண்ட தயோல்களும் பிணைத்துக்கொள்கின்றன. ஆய்வகத்தில் அரும்பாடுபட்டு அமைத்த தாவர மேலுறை அங்கு அப்படியே நிலைக்கும் என்று கொள்ள முடியாது. நெடுநாள் உட்கொண்ட வெள்ளி தோலை நிலையாக நீலச்சாம்பல் நிறமாக்கும் ஆர்ஜிரியா என்னும் நோயும் உண்டு. இவற்றை நோக்க, புண்கட்டுத் துணி, சிறுநீர் வடிகுழாயின் மேற்பூச்சு போன்ற, உடலுக்குள் பரவாமல் ஓரிடத்தில் நின்று செயற்படும் பயன்களே இத்துகள்களுக்கு இப்போது பொருந்துவன.

அங்கும் ஒரு தடை எஞ்சுகிறது. வேப்பிலையின் சேர்ம அளவு மண்ணையும் பருவத்தையும் இலையின் முதிர்ச்சியையும் பொறுத்து மாறுவதால், ஒரு தொகுதித் துகளின் மேலுறை அடுத்த தொகுதியில் அப்படியே அமைவதில்லை. சாற்றிலுள்ள முதன்மைச் சேர்மங்களின் அளவு, துகள்களின் அளவுப் பரவல், குறித்த நேரத்தில் வெளியேறும் அயனியின் அளவு ஆகிய மூன்றும் ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவுசெய்யப்பட்டாலொழிய, ஓர் ஆய்வகத்தின் முடிவை மற்றோர் ஆய்வகம் சரிபார்க்க இயலாது.